மாடிக்கு இழுத்த லைன்

இதுவா? இது லேன் ஒயர் தம்பி. கேபிள் டிவி ஒயர் இல்ல. தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது. கீழ என் ரூம்லேர்ந்து கிளம்பி, மாடிப்படி ஓரமா ஏறி, இந்த ஹாலுக்கு ஒண்ணு, அந்த உள் ரூமுக்கு ஒண்ணுன்னு ரெண்டாப் பிரிஞ்சிருந்துச்சு. கிளிப் அடிச்சிருக்கிறதைப் பாருங்க. எல்லாம் ஒரே இடைவெளி. அளவு டேப் வெச்சு அடிச்சது இல்ல. முப்பத்தினாலு வருஷம் டெலிபோன் லைன் வேலை பார்த்தவன், கை தானா நிக்கும்.

வீடு பார்க்க வர்றவங்க எல்லாருமே கேக்குறாங்க. இப்பத்தான் வைஃபை வந்திருச்சே, செவுத்துல எதுக்கு இத்தனை ஓட்டைன்னு. வைஃபையும் இருக்கு. ஆனா கான்கிரீட் தாண்டி மாடிக்கு வரும்போது இழுத்துக்கிட்டு நிக்கும். கம்பி கம்பிதான். உக்காருங்க. உங்க சம்சாரம் வர பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஆகும்னீங்கல்ல. அந்த நாற்காலி ஆடாது, உக்காருங்க.

இங்க மாடியில என் பையன் குடும்பம் இருந்துச்சு. இளம்பரிதின்னு பேரு, இளான்னு கூப்பிடுவோம். வீட்லேர்ந்தே கம்ப்யூட்டர் வேலை. மருமக சுகந்தி, அவளும் வீட்லேர்ந்துதான். புஸ்தகத்துக்கு அட்டை போடுறது, பக்கம் அமைச்சுக் குடுக்கிறது, அந்த மாதிரி. ஒரு பேத்தி, மகிழினி. கீழ நானும் என் சம்சாரம் மங்கையர்க்கரசியும்.

பையன் இல்ல. வர்ற ஐப்பசி வந்தா ரெண்டு வருஷம். காய்ச்சல்தான். முதல் மூணு நாள் மாத்திரை, அப்புறம் ரத்தத்துல அணு குறைஞ்சிருச்சுன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் வந்தான். ஆட்டோவுலேர்ந்து இறங்கி, செருப்பை வார்டு வாசல்ல விட்டுட்டு உள்ள போனான். ரெண்டு நாள் கழிச்சு அந்தச் செருப்பை நான்தான் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வந்தேன். அந்த ரெண்டு நாளும் அது அங்கேயேதான் கிடந்திருக்கு, ஒருத்தரும் நகர்த்தல.

நீங்க அதுக்கெல்லாம் முகத்தை மாத்திக்க வேண்டாம். நான் அழல தம்பி. வந்தவங்களுக்கு நாற்காலி வாங்கிப் போட்டேன், தண்ணி கேன் சொன்னேன், பத்திரிகை அடிக்கக் குடுத்தேன். பதினாறாம் நாள் முடிஞ்சு எல்லாரும் கிளம்பின பிறகு என்ன பண்றதுன்னு தெரியல. ஒரு மாசம் டிவி முன்னாடி உக்காந்திருந்தேன். என்ன ஓடுச்சுன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

தை மாசம் வாக்குல மங்கை கேட்டா. "ஏங்க, பாப்பாவுக்குக் காது குத்தினப்ப இளா வீடியோ எடுத்தானே, அதுல அவன் பேசுவான். அதை ஒரு தடவை பார்க்கணும்"னா. அவ்வளவுதான் கேட்டா. நான் மாடிக்கு வந்து சுகந்திகிட்ட சொன்னேன். அவ உடனே ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தா. கீழ கொண்டுவந்து என் கம்ப்யூட்டர்ல செருகினா, திறக்க மாட்டேங்குது. ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குது. ஃபார்மேட் பண்ணினா உள்ள இருக்கிறது போயிருமே. திரும்ப மாடி ஏறினேன். அவ வேற ஒண்ணுல போட்டுக் குடுத்தா. அது திறந்துச்சு, ஆனா வீடியோ பாதியில நின்னுபோச்சு. திரும்ப ஏறினேன். "மாமா, ஒரு போன் கால் ஓடிட்டு இருக்கு, மதியம் தரட்டுமா?"ன்னா.

தப்பா சொல்லல. நல்லாத்தான் சொன்னா. ஆனா படி இறங்கும்போது எனக்கு ஒண்ணு தோணுச்சு. என் பையன் குரலைக் கேக்கிறதுக்கு நான் மாடிப்படியில நின்னு கேட்டு வாங்கணுமா? அவன் பொறந்து முதல் முதல்ல கத்தினதைக் கேட்டவன் நான்.

விஷயம் என்னன்னா தம்பி, வீட்ல மூணு கம்ப்யூட்டர், மூணும் மூணு ஜாதி. என்னுது விண்டோஸ். இளாவோடது லினக்ஸ், அவன் அதைத் தவிர வேற எதையும் தொடமாட்டான். சுகந்தியோடது ஆப்பிள் மேக், கல்யாண நாளுக்கு அவன் வாங்கிக் குடுத்தது. பழைய படமெல்லாம் இளா மெஷின்ல இருக்கு. பாப்பா பொறந்த பிறகு எடுத்ததெல்லாம் சுகந்தி மெஷின்ல. என் மெஷின்ல என் பென்ஷன் பேப்பர்தான் இருக்கு. மூணையும் ஒரு லைன்ல கோத்துட்டா யாரும் யாரையும் கேக்க வேண்டாம். கீழ உக்காந்தபடியே எதை வேணா பார்க்கலாம். இதுல என்ன தப்பு, சொல்லுங்க.

ஒரு நோட்டு போட்டேன். செல்போன்ல வீடியோவா பார்த்துப் பார்த்து எழுதுவேன். ஒயர் இழுக்கிறது எனக்கு ஒண்ணுமில்ல. எட்டுக் கம்பி, நாலு ஜோடி, கலர் வரிசை தப்பக் கூடாது, அவ்வளவுதான். நடுவுல ஒரு சுவிட்ச் பெட்டி. ஒயர் ரெண்டு நாள்ல முடிஞ்சுது. சங்கதி அதுக்கப்புறம்தான். கம்பி சேர்ந்துட்டா போதாது. ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டுப் பார்க்கணும், பிங்குன்னு பேரு. என் மெஷின்லேர்ந்து இளா மெஷினைக் கூப்பிட்டேன். நாலு தடவை கூப்பிட்டா நாலு தடவையும் பதில் வந்துச்சு. ஆனா உள்ள விடல. லைன்ல ஆள் இருக்கு, கதவு திறக்கலைங்கிற மாதிரி.

அப்புறம்தான் தெரிஞ்சுது, லினக்ஸ்ல சம்பான்னு ஒண்ணு போடணும். நெல்லு இல்ல தம்பி, பேரே அதுதான். அதைப் போட்டாத்தான் விண்டோஸ் பேசுறது அதுக்குப் புரியும். அதுக்குப் பாஸ்வேர்ட் தனி. மெஷினைத் திறக்கிற பாஸ்வேர்ட் வேற, சம்பா பாஸ்வேர்ட் வேற. அது தெரியாம நாலு நாள் போச்சு. மெஷினோட பாஸ்வேர்டை சுகந்திதான் சொன்னா. பாப்பா பொறந்த தேதியும் சுகந்தி பேரும். ஒரு காகிதத்துல எழுதித் தாம்மான்னேன். எழுதிக் குடுத்தா. கை கொஞ்சம் நின்னு நின்னுதான் எழுதுச்சு. எனக்கு அப்ப வேலை ஓடிட்டு இருந்துச்சு, வேற எதையும் கவனிக்கல.

இளா மெஷின் திறந்துச்சு. அவன் காலேஜ் படமெல்லாம் கீழேயே வந்துருச்சு. மங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ பார்த்துட்டு, "சுகந்திகிட்ட சொன்னீங்களா?"ன்னா. சொல்லாம எப்படி, அவதானே பாஸ்வேர்ட் குடுத்தான்னேன்.

மேக்தான் பாக்கி. மாடிக்கு வந்து சொன்னேன், உன் மெஷின்லயும் ஃபைல் ஷேரிங்னு ஒண்ணு இருக்கும்மா, அதை ஆன் பண்ணிட்டா முடிஞ்சுது. அவ யோசிச்சா. "எதுக்கு மாமா? என்ன வேணும்னு சொல்லுங்க, நானே எடுத்துத் தர்றேன்"னா. இல்லம்மா, உனக்கு எதுக்கு சிரமம்னேன். "சிரமம் இல்ல மாமா"ன்னா. நான் விடல. தினம் ஒரு தடவை கேட்டேன். காலையில பால் எடுக்க இறங்குவா, அப்ப கேப்பேன். சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிட்டு வருவா, அப்ப கேப்பேன். அரைகுறையா ஒரு வேலையை விட்டுப் பழக்கமில்ல எனக்கு. எட்டாவது நாளோ ஒம்பதாவது நாளோ, சரி மாமான்னுட்டா. 'அப்பா'ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, இளா இருக்கிற வீடியோ, படம் எல்லாத்தையும் அதுல போட்டு வெச்சா. "இதை மட்டும் ஷேர் பண்ணியிருக்கேன் மாமா"ன்னு சொல்லிட்டு, கீழ வந்து என் மெஷின்ல அவ பேரும் பாஸ்வேர்டும் அடிச்சா. அடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். நாகரிகம் தெரியாதவன் இல்ல. அதுக்குக் கீழ ஒரு கட்டம் இருந்துச்சு, இதை ஞாபகம் வெச்சுக்கட்டுமான்னு. அதுல நான் டிக் போட்டேன். இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் அவளைக் கீழ வரச்சொல்லணும்.

காதுகுத்து வீடியோ ஓடுச்சு. இளா குரல்தான் முதல்ல வரும். "ஆன் ஆயிருச்சா? ஆயிருச்சுன்னு நினைக்கிறேன். அம்மா, இங்க பாருங்க." அவ்வளவுதான் பேசுவான். மங்கை முந்தானையை வாயில வெச்சுக்கிட்டா. சுகந்தி கதவுகிட்ட நின்னா. நான் படம் நிக்குதான்னு பார்த்துட்டு இருந்தேன். நிக்கல. ஒரு இடத்துலகூடத் திக்கல. மாடியில இருக்கிற ஃபைல், கீழ, தடங்கலே இல்லாம ஓடுது. "பார்த்தீங்களா, எவ்வளவு சுத்தமா வருது?"ன்னு கேட்டேன்.

அடுத்த நாள் நான் லைனை டெஸ்ட் பண்ணினேன். புதுசா லைன் போட்டா ஒரு ஜோடியை மட்டும் பார்த்துட்டுப் போறது இல்ல, எல்லா ஜோடியும் பார்க்கணும். அப்படித்தான் எங்களைப் பழக்கினாங்க. அப்பப் பார்த்தா, 'அப்பா' மட்டும் தெரியல. அவ பேருலயே உள்ள போனதால அவ மெஷின்ல இருக்கிற எல்லாமே தெரியுது. டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், எல்லாம். நான் ஒண்ணும் திருகல, மாத்தல. அதுவா வந்து நின்னுச்சு.

சொல்லியிருக்கலாம். மங்கையும் பின்னாடி அதைத்தான் கேட்டா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமேன்னு. சொன்னா அவ ஆஃப் பண்ணிருவா, திரும்ப ஆரம்பத்துலேர்ந்து வரணும். கம்பத்துல ஏறி லைன் பார்க்கும்போது நாலு பேர் பேசுறது காதுல விழத்தான் செய்யும் தம்பி. யார் வீட்டுப் பொண்ணு யாரோட பேசுது, யார் கடன் கேக்குறாங்க, எல்லாம் விழும். முப்பத்தினாலு வருஷத்துல ஒரு வார்த்தை வெளிய சொன்னதில்ல நான். அந்த மாதிரிதான் இதையும் நினைச்சேன்.

தினம் பதினோரு மணி வாக்குல உக்காருவேன். மேல அவ நாற்காலி நகர்ற சத்தம் கேக்கும், வேலை பார்த்துட்டு இருக்கான்னு அர்த்தம். கீழ நான் ஒவ்வொரு ஃபோல்டரா பார்ப்பேன். புஸ்தக அட்டைகள், பாப்பா வரைஞ்ச படம், கேஸ் ரசீது. ஒரு வாரம் அப்படித்தான். எனக்கும் பொழுது போச்சு. உண்மையைச் சொல்லணும்னா, பையன் போனதுக்கப்புறம் காலையில எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது அந்த ஒரு மாசம்தான்.

அதுல 'இளா'ன்னு ஒரு ஃபோல்டர். படம்னு நினைச்சுத்தான் திறந்தேன். கடுதாசி. அவனுக்கு எழுதியிருக்கா. செத்துப்போனவனுக்கு. ஒவ்வொண்ணுக்கும் தேதி. நாப்பது இருக்கும்.

ஒண்ணு படிச்சேன். சரி, ஒண்ணு இல்ல. எல்லாம் படிச்சேன்.

பெருசா ஒண்ணும் இல்ல. இன்னைக்குக் கேஸ் வந்துச்சு, மகி பல்லு ஆடுது, அந்த மாதிரிதான். நடுநடுவுல என்னைப் பத்தி. "மாமா இன்னைக்கும் கேட்டாங்க. எத்தனை நாள் முடியாதுன்னு சொல்றது?" அப்படின்னு ஒண்ணு. "மாமா என் மெஷின்ல உன்னைத் தேடுறாங்க. அவங்களுக்கு வேற இடம் இல்ல. எனக்கும் வேற இடம் இல்ல" அப்படின்னு ஒண்ணு. அது எனக்குப் புரியல. மாடி முழுக்க அவளுக்குத்தான் விட்டிருந்தோம்.

கடைசிக் கடுதாசியிலதான் கோயம்புத்தூர் வந்துச்சு. அங்க ஒரு கம்பெனியில கூப்பிட்டிருக்காங்களாம். பாப்பாவுக்கு ஒரு ஸ்கூல் அப்ளிகேஷன்கூட ரொப்பி வெச்சிருக்காளாம். "ஆனா போகமாட்டேன் இளா. அத்தையை விட்டுட்டு எப்படிப் போறது? அந்த ஃபாரம் இருக்குன்னு நினைச்சா கொஞ்சம் மூச்சு விட முடியுது, அவ்வளவுதான்." அப்படித்தான் எழுதியிருந்தா. வார்த்தை மாறாமச் சொல்றேன்.

போகமாட்டேன்னுதானே எழுதியிருக்கான்னு மங்கை பின்னாடி கேட்டா. ஆமா, அப்படித்தான் எழுதியிருந்தா. ஆனா ஃபாரம் ரொப்பினவ நாளைக்குப் போகமாட்டான்னு என்ன நிச்சயம்? பாப்பா எங்க வீட்டுக் குழந்தை. இருக்கிறது அது ஒண்ணுதான். நான் சும்மா இருக்க முடியுமா?

ஒரு செவ்வாய்க்கிழமை சட்டையை மாட்டிக்கிட்டு பாப்பாவோட ஸ்கூலுக்குப் போனேன். ஹெட்மிஸ்ட்ரெஸ்ஸைப் பார்த்தேன். அம்மா, கோயம்புத்தூர் போறதுக்கு டிசி கேட்டு யாராவது வந்தா, தாத்தாவை ஒரு வார்த்தை கேக்காம குடுத்துராதீங்கன்னு மரியாதையாத்தான் சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டுச்சு. நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள சுகந்திக்குப் போன் பண்ணியிருச்சு.

சுகந்தி கீழ வந்தா. மங்கை கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. இவ சத்தம் போடல. இந்த வீட்ல அவ ஒரு நாளும் சத்தம் போட்டதில்ல.

"மாமா, கோயம்புத்தூர்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"ன்னு கேட்டா.

"யாரும் சொல்லலம்மா. லைன் டெஸ்ட் பண்ணும்போது கண்ணுல பட்டுச்சு"ன்னேன்.

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியல. அப்புறம் என் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தா. ஸ்கிரீன் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

"எவ்வளவு படிச்சீங்க?"

"ஏதோ கொஞ்சம்மா."

"அது இளாவுக்கு எழுதினது மாமா."

நான் சொன்னேன், "என் பையனுக்கு வந்த கடுதாசிதானேம்மா"ன்னு.

இதுல என்ன தப்பு இருக்குன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல. மங்கை கீரைத் தட்டை அப்படியே கீழ வெச்சா. சுகந்தி என்னைப் பார்த்துக்கிட்டே நின்னா. கோவமா பார்த்திருந்தாக்கூட நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கோவம் இல்ல அது. முன்னப்பின்ன தெரியாத ஆள் வீட்டுக்குள்ள நிக்கிறதைப் பார்க்கிற மாதிரி பார்த்தா. அப்புறம் படி ஏறிப் போயிட்டா.

மறுநாள் பதினோரு மணிக்கு உக்காந்தா மேக்கைக் காணோம். பிங் பண்ணினேன், பதில் இல்ல. ஒயர்தான் எங்கேயோ கழண்டிருச்சுன்னு நினைச்சு ஒவ்வொரு கிளிப்பா பார்த்துக்கிட்டே மாடி ஏறி வந்தேன். இங்கதான், இந்த வாசப்படியில, அவ ரூமுக்குப் போற ஒயரைக் கழட்டி வளையமாச் சுத்தி, ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருந்தா. அறுக்கல, இழுக்கல, ஒரு கிளிப் உடையல. நல்ல சுத்து. அதை எடுத்துட்டுப் போய் என் அலமாரியில வெச்சேன். மத்தியானம் மங்கை சோறு போட்டா. சாப்பிட்டேன்.

வைகாசியில கிளம்பினா. ஸ்கூல்ல டிசி குடுத்துட்டாங்க, என்னை ஒரு வார்த்தை கேக்கல. நான் ஒண்ணும் தடுக்கல தம்பி. சாமான் ஏத்துற வண்டிக்கு நான்தான் சொல்லி விட்டேன். இளா மெஷினைக் கையில தூக்கிட்டு வந்தா. அதை வெச்சுட்டுப் போம்மான்னேன். "இது மகிக்கு மாமா"ன்னா. "உங்களுக்கு வேணுங்கிறது எல்லாம் அத்தைகிட்ட ஒரு டிஸ்க்ல குடுத்திருக்கேன். உங்க கம்ப்யூட்டர்ல திறக்கும், பார்த்துட்டேன்"னா. காலைத் தொட்டுக் கும்பிட்டா. பாப்பாவையும் கும்பிடச் சொன்னா. எல்லாம் முறைப்படிதான் செஞ்சா. வண்டி திரும்பினதும் நான் உள்ள வந்து செவுத்து ஓட்டை ஒண்ணு பெருசா இருந்ததை சிமெண்ட் வெச்சு அடைச்சேன். அந்த டிஸ்க்கை மங்கை பீரோவுல வெச்சிருக்கா. நான் கேக்கல.

ஆவணியில பாப்பாவுக்குப் பொறந்தநாள். ஏழு முடியுது. மங்கை போகணும்னா, ரெண்டு பேரும் போனோம். காலையில பஸ் ஏறினா மத்தியானம் கோயம்புத்தூர். சின்ன வீடுதான். ஒரு ஹால், ஒரு ரூம், சமையக்கட்டு. ஜன்னலோரம் ஒரு மேஜை, அதுல அந்த மேக் திறந்து கிடந்துச்சு, ஏதோ ஒரு புஸ்தக அட்டை பாதியில நின்னுச்சு. சுகந்தி நல்லாத்தான் வரவேற்றா. "பஸ்ல உக்கார இடம் கிடைச்சுதா மாமா?"ன்னு கேட்டா. ஃபேனைப் போட்டா. பாப்பா மங்கையோட மடியை விட்டு இறங்கவே இல்ல.

நான் எங்க உக்கார்றதுன்னு பார்த்தேன். நாற்காலி ஒண்ணுதான் இருந்துச்சு, அந்த மேஜைகிட்ட. போய் உக்காந்தேன். சுகந்தி காப்பி டம்ளரோட வந்தா. டம்ளரை என் கையில குடுத்துட்டு, இன்னொரு கையால மேக்கை மூடினா. மெதுவாத்தான் மூடினா, சத்தமே வரல. மூடிட்டு, "சர்க்கரை போதுமா மாமா?"ன்னு கேட்டா.

போதும்மான்னேன். குடிச்சுப் பார்க்கவே இல்ல, போதும்மான்னேன்.

மங்கை பார்த்துட்டா. பாப்பாவுக்குக் கேக் வெட்டினோம், போட்டோ எடுத்தோம். எல்லாரும் என்னை நடுவுல நிக்கச் சொன்னாங்க. சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பலாம்னு நான் பையை எடுத்தேன். மங்கை அவ பையை எடுக்கல.

"நீங்க போங்க. நான் கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்"னா.

எத்தனை நாள்னு கேட்டேன்.

"போங்க, ரொம்ப ராத்திரி ஆகறதுக்குள்ள வீடு போய்ச் சேருங்க"ன்னா. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிச்சுக் குடுத்தது சுகந்திதான். ஜன்னலோரமா உக்காந்து வந்தேன். கோவம் வரும்னு பார்த்தேன், வரல. எதுவும் வரல. கரூர் தாண்டினதும் தூங்கிட்டேன்.

இது எட்டாவது மாசம். மங்கை வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவா. மாத்திரை போட்டீங்களா, தண்ணி வருதான்னு கேப்பா. எப்ப வர்றேன்னு நான் கேட்டா, மகி ஸ்கூல்லேர்ந்து வர்ற நேரம்னு சொல்லிப் போனை வெச்சுருவா. காலையில பத்து மணிக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்றா.